அண்ணன் முடுக்கிய நட்டு

ஒரு நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்பதை இப்போது ஸ்பேனரே சொல்லிவிடுகிறது. கைப்பிடியில் அளவைத் திருப்பி வைத்துவிட்டு அழுத்தினால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். நான் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்த சூரமங்கலம் ஒர்க்ஷாப்பில் அப்படி ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். போன மாதம் அங்கே போயிருந்தபோது, என்னோடு வேலை பார்த்த தங்கவேல் அதை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"அமுத்திப் பாரு சூசை. ஆரு அமுத்துனாலும் ஒரே அளவுதான். மொதலாளி அமுத்துனாலும் டிக்குத்தான், டீ கொண்டார்ற ஆளு அமுத்துனாலும் டிக்குத்தான்."

அழுத்தினேன். டிக் என்றது. நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முகம் கழுவுவதுபோல் குழாய்ப் பக்கம் போய்விட்டேன்.

எங்கள் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று சொன்னதும் தங்கவேல்தான். 'காரில் லூசாகிப்போன பாகங்களையும் கனெக்ஷன்களையும் கண்டுபிடிப்பது எப்படி' என்று தலைப்பும் அவனே வைத்துவிட்டான். நான் பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. எழுதவும் வராது என்றேன். "பேசத்தான கூச்சம்? பேப்பரு உன் மூஞ்சியவா பாக்குது?" என்றான். அதனால் எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் எல்லா வண்டியும் ஒதுங்கிக்கொண்டு ஒரே ஒரு வண்டிதான் முன்னால் வந்து நிற்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது பதினேழு வயதில். அப்பா ரயில்வேயில் கலாசி. எனக்கும் ரயில்வேயில் கிடைக்கும் என்று இரண்டு வருடம் காத்திருந்து, கிடைக்காமல் ஒர்க்ஷாப்புக்கு வந்தேன். முதல் மூன்று வருடம் டீசலில் பாகங்களைக் கழுவுவதுதான் வேலை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான்காவது வருடம் ஃபோர்மேன் அர்த்தநாரி அண்ணன் என்னைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

அவருக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஊர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். குரலை உயர்த்த மாட்டார். எங்களைப் போலக் காலி டப்பாவில் உட்காராமல் நின்றபடியே வேலை செய்வார். வண்டிக்காரர் வந்து "சத்தம் வருது" என்றால் எங்களில் யாராவது உடனே பானெட்டைத் திறப்போம். அவர் திறக்க விடமாட்டார். முதலில் மூன்று கேள்விகள்.

"எங்க வருதுங்க? எப்ப வருதுங்க? எப்ப வரமாட்டீங்குதுங்க?"

முதல் இரண்டு கேள்விகளையும் எந்த மெக்கானிக்கும் கேட்பான். மூன்றாவது கேள்வி அவருடையது. பிரேக் போட்டால் சத்தம் நிற்கிறதா, வளைவில் நிற்கிறதா, ஆள் ஏறினால் நிற்கிறதா என்று கேட்பார். எப்போது வரவில்லை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்பார்.

அதன் பிறகு வண்டியைக் காலி செய்வார். ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, சாமி படத்துக்குக் கீழே கிடக்கும் தீப்பெட்டி எல்லாம் வெளியே வந்துவிடும். பத்தில் மூன்று சத்தம் அதிலேயே போய்விடும். பிறகு வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லி, இவர் பின் சீட்டில் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். நாம் ஓட்டினால் வராது, அவர் ஓட்டினால்தான் வரும் என்பது அவர் கணக்கு.

திரும்பி வந்ததும் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்குவார். மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். அதில் ஆட்டம் இருந்தால் பேரிங், அல்லது பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டுவார். அதில் மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங் கம்பியின் முனை. அடுத்து சின்னச் சுத்தியல். நட்டின் ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் லேசாகத் தட்டுவார். இறுகிய நட்டு 'ணங்' என்று ஒரே குரலில் பேசும். லூசான நட்டு 'டப்' என்று செத்த சத்தம் கொடுக்கும், விரலிலும் ஒரு நடுக்கம் தெரியும். முதல் ஒரு வருடம் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

வயர் லூசு வேறு மாதிரி. அது பல சமயம் சத்தம் போடாது. ஒரு பல் டாக்டர் வண்டியை எடுத்து வந்தார். ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகி இறுகி நின்றுவிடுகிறது, மூன்று இடத்தில் மூன்று புதுக் கேபிள் மாற்றியாகிவிட்டது என்றார். அண்ணன் கேபிளைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "டாக்டர், ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். ஸ்டார்ட் ஆகும்போது புறங்கையைக் கேபிளின் மேல் வைத்தார். சுட்டது. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையின் போல்ட் லூசாகித் துருப்பிடித்திருந்தது. அந்த வழி அடைத்துப் போனதால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மொத்தக் கரண்டும் கேபிள் வழியாகத் திரும்பி அதைச் சுட்டுக்கொண்டிருந்தது. பட்டையைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டினோம். கால் மணி நேரம்.

"மூணு கேபிளு மாத்துனாங்களே, ஒருத்தனுக்கும் தெரியலியா?" என்றார் டாக்டர்.

"நோவு ஒரு பக்கம், பல்லு ஒரு பக்கமா இருக்கறதில்லீங்களா டாக்டர்? அதாட்டத்தான்" என்றார் அண்ணன்.

டாக்டர் சிரித்துக்கொண்டே போனார். மறு வாரம் அவர் சொல்லி நாலு வண்டி வந்தது.

எங்கள் ஒர்க்ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. அண்ணன் கொண்டுவந்தது. சக்கரத்தின் நட்டு, ஸ்டியரிங் நட்டு, பிரேக் நட்டு ஆகியவற்றை முடுக்கிய பிறகு, நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்போம். நட்டு கழன்று வந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். முடுக்கியவனே கோடு போடக் கூடாது. வேறொருவன் வந்து, நட்டில் ஸ்பேனர் வைத்து அழுத்திப் பார்த்து, அது அசையாவிட்டால்தான் கோடு போட வேண்டும்.

"நானு முடுக்குனாலும் அப்படித்தான் சாமி" என்று அண்ணன் சொல்லியிருந்தார். ஆனால் நாங்கள் யாரும் செய்ததில்லை. அண்ணன் முடுக்கிய நட்டின் மேல் ஸ்பேனர் வைப்பது அவரைச் சந்தேகப்படுவது போல இருந்தது. அவர் நகர்ந்ததும் பிரஷ்ஷை எடுத்துக் கோட்டை மட்டும் இழுத்துவிடுவோம். பதினெட்டு வருடம் நானும் அப்படித்தான் இழுத்தேன். ஒரு நட்டும் கழன்றதில்லை.

ஆட்டையாம்பட்டியிலிருந்து ருக்மணி அம்மா என்று ஒருவர் வருவார். பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கார், அவரேதான் ஓட்டுவார். அவர் வீட்டுக்காரர் முத்துசாமி சார் கைத்தறிச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வருவார்.

முதல் தடவை வந்தபோது அந்த அம்மா சண்டையோடுதான் இறங்கினார்.

"ஏனுங்க, இந்த வண்டியில ஒரு சத்தமும் இல்லீங்க. இவருக்கு மட்டுந்தான் கேக்குதாமா. எனக்கென்ன செவிடா? நாப்பது புள்ளைங்களுக்கு நடுவுல எவன் பென்சிலச் சீவறான்னு கண்டுபுடிச்சவ நானு."

சார் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். நல்ல உருண்டையான கையெழுத்து. 'இடது பின் கதவு. மூன்றாம் கியரில் மட்டும். காய்ந்த அவரைக்காயைக் குலுக்கியது போல.'

அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். அந்தக் கதவின் உள்தட்டியைக் கழற்றச் சொன்னார். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கம்பியின் சின்னப் போல்ட் ஒன்று கழன்று கதவின் அடியில் கிடந்தது. அண்ணன் அதை எடுத்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"அவரைக்கொட்ட கெடச்சிருச்சுங்கம்மா. சாருக்குக் காது இருக்குதுங்க. நம்மகிட்ட வேலைக்கு வரச் சொல்லுங்க."

"கூட்டிக்கிட்டுப் போயிருங்க, எனக்கும் ஊட்டுல நிம்மதி" என்றார் அந்த அம்மா. சார் அப்போதுதான் சிரித்தார்.

அதிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு சீட்டு இருக்கும். அண்ணன் கேள்வி கேட்காத ஒரே வண்டி அதுதான். சீட்டை வாங்கிப் படித்துவிட்டு நேராக வேலைக்குப் போய்விடுவார்.

ஒரு வருடம் ஆடி மாதத்தில் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. அண்ணன் கடைசி முடுக்கு முடுக்கும்போது மூச்சைப் பிடித்து 'ம்' என்று ஒரு சத்தம் கொடுப்பார். நாலு நட்டுக்கு நாலு 'ம்'. எதிரெதிராக முடுக்குவார், அதனால் அந்தச் சத்தமும் மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என்று வரும். அன்று ஒரு டாக்ஸியின் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தார். நான் பெயிண்ட் டப்பாவுடன் பின்னால் நின்றேன். அந்த 'ம்' வரவில்லை. வெறும் மூச்சுதான் வந்தது.

அவர் கை கழுவப் போனதும் முதல் முறையாக அவர் முடுக்கிய நட்டின் மேல் ஸ்பேனர் வைத்தேன். என்னவோ திருடுவதுபோல் இருந்தது. அழுத்தினேன். நட்டு அரைச் சுற்றுப் போனது.

நாலும் போயின. நாலையும் முடுக்கிவிட்டுக் கோடு இழுத்தேன்.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. டீ கிளாஸ் அவருடைய இடது கைக்கு மாறியிருந்தது. சட்டைப் பொத்தானைப் போட நேரம் ஆனது. சின்ன ஸ்க்ரூவை எடுக்கக் கட்டைவிரலும் நடுவிரலும் போயின, ஆள்காட்டி விரல் சும்மா நீட்டிக்கொண்டு நின்றது. கழுத்து நரம்பு அழுத்தி வலது கையில் பலம் போய்க்கொண்டிருந்தது என்று பின்னால் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவருக்கு அது தெரிந்திருக்குமா என்று பல முறை யோசித்திருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் பலம் போகிறவனுக்குத் தெரியாது. தன் கணக்கில் அவர் எப்போதும் அழுத்தும் அளவுக்கு அழுத்திக்கொண்டுதான் இருந்தார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, நட்டு நிக்கலீங்கண்ணா" என்று சொன்னால் போதும், மூன்று வார்த்தை. சொல்லலாம் என்று மூன்று தடவை அவர் பஸ் ஏறும் இடம் வரை கூடவே நடந்தேன். மூன்று தடவையும் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிவிட்டு, "சரிங்கண்ணா, காலைல பாக்கலாம்" என்று திரும்பிவிட்டேன்.

சொல்வதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தேன். அண்ணன் முடுக்கும் வண்டிக்கெல்லாம் கோடு போடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அவர் சாப்பிடப் போவார், அல்லது வண்டிக்காரரிடம் பேசப் போவார். அந்த நேரத்தில் எல்லா நட்டையும் மறுபடி முடுக்குவேன். சில நாள் அரைச் சுற்று, சில நாள் கால். எட்டு மாதம் அப்படியே போனது. நான் பெரிய நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய கௌரவத்தை என் கையில் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

பெரிய வெள்ளிக்கு எனக்கு எப்போதும் லீவு. அன்று சூரமங்கலத்தில் எங்கள் கோயிலில் சிலுவைப் பாதை, மதியம் கஞ்சி, மூன்று மணிக்கு வழிபாடு. அந்த வருடம் முந்தைய நாள் வியாழக்கிழமை சாயங்காலம் ருக்மணி அம்மாவின் வண்டி வந்து நின்றது. சாரின் சீட்டில் 'முன் சக்கரம் இரண்டிலும் ஆட்டுக்கல் அரைக்கிற சத்தம்' என்று இருந்தது. பேரிங் தேய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் தருகிறோம் என்று அண்ணன் சொன்னார்.

இரண்டு முன் சக்கரமும் கழற்றி மாட்டப்படும். மாட்டப் போவது அண்ணன். நான் இருக்க மாட்டேன்.

தங்கவேல் கை கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன சூசை?"

"நாளைக்கு நான் லீவு."

"அதான் வருசா வருசம் லீவாச்சே. கஞ்சி எனக்கும் ஒரு தூக்குப்போசில கொண்டா."

அப்போது சொல்லியிருக்கலாம். 'அண்ணன் முடுக்குனா நீ ஒருக்கா ஸ்பேனர் வெச்சுப் பாரு' என்று. சொன்னால் அவன் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் நாளைக் காலை ஒர்க்ஷாப் முழுவதும் தெரிந்துவிடும். அண்ணனைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை அந்த அம்மாவுக்குப் போன் போட்டு ஏதாவது காரணம் சொல்லி வண்டியை வரவழைத்து முடுக்கிவிடலாம் என்றும் நினைத்தேன்.

"கொண்டாறேன்" என்றேன்.

சனிக்கிழமை காலை நான் கஞ்சித் தூக்கோடு போனேன். வண்டி முந்தைய நாளே போய்விட்டது என்றான் தங்கவேல். ஆபீஸ் அறையில் முதலாளி இருந்தார். அவர் எதிரில் நின்று போன் பேசக் கூச்சப்பட்டு, அவர் வெளியே போகட்டும் என்று காத்திருந்தேன். பத்து மணிக்கு அவர் வெளியே போனார். ஆட்டையாம்பட்டி நம்பருக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் காலையிலேயே ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

பதினோரு மணிக்கு எங்களுக்குப் போன் வந்தது. அயோத்தியாப்பட்டணம் தாண்டி முன் இடது சக்கரம் கழன்று, வண்டி இடது பக்கமாகப் போய்ப் புளியமரத்தில் மோதியிருந்தது. அந்த அம்மாவுக்கு நெற்றியிலும் கையிலும் காயம். முத்துசாமி சார் அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

மறுநாள் பாஸ்கா ஞாயிறு, ஈஸ்டர். நான் கோயிலுக்குப் போகவில்லை. என் மனைவி ஸ்டெல்லா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை அண்ணனும் நானும் தங்கவேலும் வண்டியைப் பார்க்கப் போனோம். போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு காலியிடத்தில் நிறுத்தியிருந்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டுப் போய்விட்டார், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏட்டு சொன்னார். இடது பக்கம் முழுவதும் உள்ளே போயிருந்தது. சக்கரம் இருந்த இடத்தில் போல்ட்டுகள் மரை தேய்ந்து வழவழவென்று நின்றன.

அண்ணன் அந்தப் பக்கம் அதிக நேரம் நிற்கவில்லை. வலது பக்கம் வந்தார். அந்தச் சக்கரம் அப்படியே இருந்தது. நாலு நட்டின் மேலும் மஞ்சள் கோடு உடையாமல் நேராக இருந்தது.

"ஆரு போட்டது?" என்றார்.

"நாந்தானுங்கண்ணா" என்றான் தங்கவேல்.

"ஸ்பேனர் வெச்சுப் பாத்தியா சாமி?"

தங்கவேல் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க முடுக்குனதுங்கண்ணா. அதுல போயி நானு எப்படி..."

அண்ணன் அவனைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பி, "சூசை, ஸ்பேனரப் போடு" என்றார்.

போட்டேன். அழுத்தினேன். நேராக இருந்த கோடு இரண்டாக உடைந்து, நட்டு அரைச் சுற்றுப் போனது. அடுத்ததும் போனது. மூன்றாவதில் கை வைத்தபோது அண்ணன் "போதும்" என்றார்.

தங்கவேல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். அண்ணன் நட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தை வைத்து எங்கே லூசு என்று கண்டுபிடிக்கிற மனிதர். சத்தமே வராத இடத்தையும் கண்டுபிடிப்பார்.

"உனக்கு ஆச்சரியமே இல்லியே, சூசை" என்றார்.

நான் ஸ்பேனரை நட்டிலிருந்து எடுத்தேன்.

"எத்தன நாளா?"

"ஆடியில இருந்துங்கண்ணா."

அவர் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். அப்படியே வண்டியின் மேல் சாய்ந்து நின்றார்.

"பின்னாலயே வந்து முடுக்கிக்கிட்டு இருந்தியா?"

"ஆமாங்கண்ணா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே ஸ்பேனரக் கீழ வெச்சிருப்பேனே சாமி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

வண்டிக்குள்ளிருந்து பொருட்களை எடுத்து வைக்கும்போது முன் சீட்டுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு என் கையில் கிடைத்தது. பேனா மூடாமல் பக்கத்தில் கிடந்தது. ஓடுகிற வண்டியில் எழுதியதால் எழுத்து கொஞ்சம் ஆடியிருந்தது. 'முன் இடது சக்கரம். மெதுவாகப் போகும்போது டொக் டொக். வேகத்தில் இல்லை.'

எங்கே, எப்போது, எப்போது இல்லை. அண்ணனின் மூன்று கேள்விக்கும் பதில் இருந்தது. படித்துவிட்டு அண்ணனிடம் கொடுத்தேன். அவர் படித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அண்ணன் அதற்குப் பிறகு ஒர்க்ஷாப்புக்கு வரவில்லை. போலீஸிடமும் முதலாளியிடமும் "எங் கைதானுங்க. எம் மேலதான் தப்பு" என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். தங்கவேல் பெயரையோ என் பெயரையோ அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ருக்மணி அம்மா வந்தார். தங்கை மகன் கூட்டி வந்திருந்தார், அவரை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். வண்டியிலிருந்த பொருட்களை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்திருந்தோம். சாரின் கண்ணாடி, செருப்பு ஒன்று, பேனா. சீட்டை மட்டும் நான் பெட்டியில் வைக்கவில்லை. என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் படித்தார்.

"உடையாப்பட்டி தாண்டும்போது 'ருக்கு, சத்தம் வருது, நிறுத்து'ன்னாருங்க. நேத்து சாயந்தரந்தான் மஞ்சக் கோடு போட்டு வாங்கியாந்தோம், அர்த்தநாரி பாத்த வண்டி, சித்த சும்மா வாங்கன்னேன். அப்பறம் அவரு பேசல. எழுதிக்கிட்டு வந்தாரு."

தங்கவேல் எழுந்து வெளியே போய்விட்டான். நானும் அந்த அம்மாவும்தான். அப்போது நான் சொன்னேன். ஆடி மாதத்திலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு, திக்கித் திக்கி, முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒருவரிடம் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை.

 நான் முடித்ததும் அந்த அம்மா சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அவரு ஒருத்தருதான் சொல்லியிருக்காரு" என்றார்.

பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவும் இப்போது இல்லை.

அன்று மத்தியானம் தங்கவேல் ஒரு சக்கரத்தை முடுக்கினான். நான் போய் நட்டில் ஸ்பேனர் வைத்தேன். அழுத்தினேன். அசையவில்லை. "நிக்குது" என்று சத்தமாகச் சொன்னேன். ஒர்க்ஷாப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சத்தம் போட்டு அவர்கள் கேட்டதில்லை. அடுத்த நட்டில் வைத்தேன். "நிக்குது." மூன்றாவது லேசாகப் போனது. "போச்சு" என்றேன். தங்கவேலுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவனுக்குப் புரிந்தது. அடுத்த வண்டியில் நான் முடுக்க, அவன் சொன்னான்.

அன்றிலிருந்து எங்கள் ஒர்க்ஷாப்பில் ஒவ்வொரு நட்டுக்கும் நிக்குது, போச்சு என்று வாய் திறந்து சொன்னால்தான் மஞ்சள் கோடு. புதிதாக வருபவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வெளியில் காத்திருக்கும் வண்டிக்காரர்கள் ஏலம் விடுவது போல இருக்கிறதே என்பார்கள்.

அண்ணனைப் பார்க்க வருடத்துக்கு இரண்டு தடவை போவேன். காட்டையும் மாட்டையும் பற்றித்தான் பேசுவார். ஒரே ஒரு தடவை, நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "வாயத் தொறந்து சொல்றீங்களாமா? தங்கவேலு வந்தப்ப சொன்னான்" என்றார்.

"ஆமாங்கண்ணா."

"சொல்லுங்க சாமி, சொல்லுங்க" என்றார். அதற்கு மறு வருடம் இறந்துபோனார்.

எனக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. இன்னும் சில வருடம் வேலை பார்த்திருக்கலாமே, ஏன் நின்றுவிட்டாய் என்று பலரும் கேட்கிறார்கள். அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஒரு வண்டியின் பின் சக்கரத்தை முடுக்கிவிட்டு எழுந்தேன். தங்கவேல் ஒவ்வொரு நட்டாக ஸ்பேனர் வைத்தான். நான் துண்டில் கை துடைத்துக்கொண்டே அவன் சொல்வதற்காக நின்றேன். அவன் சொல்லவில்லை. ஸ்பேனர் கடைசி நட்டின் மேலேயே இருந்தது. அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. 'நிக்' என்று தொடங்கியவன், அதையும் முடிக்காமல் விட்டான்.

"தங்கவேலு, சத்தமாச் சொல்லு" என்றேன்.

அவன் திரும்பவில்லை.

"சொல்லுடா."

"போச்சு சூசை" என்றான். "கால் சுத்து. நாலும்."

நான் என் கையைப் பார்த்தேன். அது எப்போதும்போலத்தான் இருந்தது.

தங்கவேல் நாலு நட்டையும் முடுக்கினான். பக்கத்தில் இருந்த ஆளைக் கூப்பிட்டு ஸ்பேனர் வைக்கச் சொன்னான். நாலு தடவை நிக்குது என்று கேட்டது. மஞ்சள் கோடு போட்டு முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு, குழாயடிக்குப் போய்ச் சோப்புத்தூள் போட்டுக் கை கழுவினேன்.